மார்பி ஏன் அந்தச் சிப்பாயை வெட்டவில்லை?

செஸ் ஆடப் பழகி ஆறு மாதம் ஆனதும் எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்வார்கள்: பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பார். சரி என்று உட்கார்ந்து பார்ப்போம். நாற்பது நகர்த்தல் மளமளவென்று ஓடும், ஒருவர் கையை நீட்டுவார், மற்றவர் குலுக்குவார், ஆட்டம் முடிந்துவிடும். ஏன் முடிந்தது என்று நமக்குத் தெரியாது. அப்புறம் விவரம் தெரிந்த ஒருவர் வந்து, "வெறும் நகர்த்தலைப் பார்த்து என்ன பிரயோஜனம், நிபுணர் விளக்கக் குறிப்பு எழுதிய ஆட்டமாகப் பார்" என்பார். அதையும் செய்வோம். இந்தத் தடவை எல்லாமே புரிகிற மாதிரி இருக்கும், கதை படிப்பதுபோல் சுவையாகவும் இருக்கும், ஆனால் மறுநாள் பலகை முன்னால் உட்கார்ந்தால் அதே பழைய தப்பு. நான் டீயும் கையுமாக இப்படிப் படித்தே இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். தலையாட்டிக்கொண்டே படித்ததுதான் கோளாறு என்று புரியவே ரொம்ப நாள் ஆனது.

விளக்கக் குறிப்பு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நடந்த நகர்த்தல்களுக்கு நடுவே ஒரு நல்ல ஆட்டக்காரர் மூன்று விஷயங்களைச் சொல்வார். இந்த நகர்த்தலின் நோக்கம் என்ன, இதற்குப் பதில் வேறு என்ன ஆடியிருக்கலாம், ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும். இதில் மூன்றாவதுதான் உண்மையான சரக்கு. பலகையில் வராமலே போன நகர்த்தல்கள் அங்கேதான் இருக்கும், நடந்த நகர்த்தல் ஏன் நடந்தது என்பதற்கான காரணமும் பெரும்பாலும் அவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

குறிகளைப் பற்றி சுருக்கமாக. நகர்த்தலுக்குப் பக்கத்தில் ! இருந்தால் நல்லது, !! இருந்தால் பிரமாதம், ? என்றால் தப்பு, ?? என்றால் ஆட்டத்தையே தூக்கிக் கொடுக்கிற தப்பு. !? என்பது "கவனிக்க வேண்டிய முயற்சி", ?! என்பது "சந்தேகமாக இருக்கிறது, ஆனாலும் தப்பென்று அடித்துச் சொல்ல முடியவில்லை". 1966-இல் பெல்கிரேடிலிருந்து வரத் தொடங்கிய செஸ் இன்ஃபார்மன்ட் தொகுதிகள் வார்த்தையே இல்லாமல் வெறும் குறிகளாலேயே ஆட்டங்களை விளக்கின, எந்த மொழிக்காரரும் படிக்கலாம் என்பதற்காக. கிராண்ட்மாஸ்டர்களுக்கு அது போதும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நமக்கு வார்த்தை வேண்டும்.

ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1858, பாரிஸ் நகரின் ஒரு ஆப்பெரா அரங்கு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த 21 வயதுப் பால் மார்பி வெள்ளைக் காய். எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும், இரண்டு பேரும் சேர்ந்து கலந்து பேசிக் கறுப்பை ஆடுகிறார்கள். மொத்தமே 17 நகர்த்தல். பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள், இல்லாமல் படித்தால் பாதிதான் ஏறும். வெள்ளைக் காய் ஆடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாக 1 முதல் 8. ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்து கறுப்பின் நகர்த்தல். காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்ந்தது சிப்பாய். × என்றால் வெட்டு, + என்றால் செக். காஸ்லிங் என்பது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்துவது. பிஷப்பைச் சில ஊர்களில் மந்திரி என்பார்கள், நான் பிஷப் என்றே எழுதுகிறேன்.

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 பிஷப் ஜி4 4. டி×இ5 பிஷப்×எஃப்3 5. ராணி×எஃப்3 டி×இ5 6. பிஷப் சி4 குதிரை எஃப்6 7. ராணி பி3 ராணி இ7 8. குதிரை சி3 சி6 9. பிஷப் ஜி5 பி5 10. குதிரை×பி5 சி×பி5 11. பிஷப்×பி5+ பி8 குதிரை டி7 12. ராணி பக்கம் காஸ்லிங், யானை டி8 13. யானை×டி7 யானை×டி7 14. யானை டி1 ராணி இ6 15. பிஷப்×டி7+ குதிரை×டி7 16. ராணி பி8+ குதிரை×பி8 17. யானை டி8, மேட்.

(கறுப்பின் இரண்டாவது நகர்த்தலான டி6-க்கு ஃபிலிடோர் தற்காப்பு என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பெரிய செஸ் ஆட்டக்காரராக இருந்த அந்த ஃபிலிடோருக்கு ஆப்பெராவுக்கு இசையமைப்பதுதான் தொழில். ஆப்பெரா அரங்கில் ஃபிலிடோர் தற்காப்பு ஆடித் தோற்றிருக்கிறார்கள், பாவம்.)

இந்த ஆட்டத்துக்கு எழுதப்பட்ட குறிப்புகளுக்குக் கணக்கே இல்லை. பல இடங்களில் ஒரே மாதிரி இருக்கும்: "மார்பி காய்களை வேகமாக வெளியே கொண்டுவந்தார், எதிராளிகள் கொண்டுவரவில்லை, அதனால் ஜெயித்தார்." பொய்யில்லை. ஆனால் இதைப் படித்து யாரும் முன்னேறியதாக எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரு இடத்தில் நின்று உள்ளே இறங்க வேண்டும். நான் நிற்கச் சொல்லும் இடம் எட்டாவது நகர்த்தல்.

அதுவரை நடந்ததை ஒரு ஓட்டம் பார்த்துவிடுவோம். நான்காவது நகர்த்தலில் கறுப்பு ஏன் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டியது? இ5-இல் இருக்கும் வெள்ளைச் சிப்பாயை உடனே திருப்பி வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டி நெடுவரிசை திறந்துவிடும், வெள்ளை ராணி கறுப்பு ராணியை வெட்டும், ராஜா அதை வெட்டும், பிறகு குதிரை இ5 சிப்பாயைத் தின்றுகொண்டே ஜி4 பிஷப்பையும் எஃப்7 சிப்பாயையும் ஒன்றாக மிரட்டும். ஒரு சிப்பாய் சும்மா போயிற்று. அதற்குப் பயந்துதான் பிஷப் போனது. பலகையில் நடக்காத இந்த வரிசை தெரியாவிட்டால் நடந்த நகர்த்தல் மர்மமாகவே இருக்கும்.

ஏழாவது நகர்த்தல். வெள்ளை ராணி பி3-க்குப் போகிறது. சி4 பிஷப்போடு சேர்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது, தனியாகப் பி7 சிப்பாயையும் பார்க்கிறது. ஒரே ராணி, இரண்டு மிரட்டல். கறுப்பு ராணியை இ7-க்குக் கொண்டுவந்து எஃப்7-ஐக் காக்கிறது. பி7 அப்படியே திறந்து கிடக்கிறது.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டு நீங்கள் வெள்ளைக்கு ஆடுங்கள். அடுத்த நகர்த்தல் என்ன?

பத்துக்கு ஒன்பது பேர் ராணியால் பி7 சிப்பாயை வெட்டுவோம். நானும் அதைத்தான் சொன்னேன். காவல் இல்லாத சிப்பாய், பின்னால் மூலையில் யானை வேறு. மார்பி வெட்டவில்லை, குதிரையை சி3-க்கு நகர்த்தினார். இந்த இடத்தில் குறிப்பு என்ன சொல்லும்? வெட்டினால் கறுப்பு ராணி இ7-இலிருந்து பி4-க்கு வந்து செக் கொடுக்கும், ராணிகள் மாறிவிடும் என்று சொல்லும். பலகையில் பாருங்கள், உண்மைதான். இ1-இல் ராஜா நிற்கிறது, பி4-இலிருந்து சி3, டி2 வழியாகக் கோடு திறந்திருக்கிறது. செக்கிலிருந்து தப்ப வேண்டும், கறுப்பு ராணி வெள்ளை ராணியையும் பார்க்கிறது, ஆக ராணி மாற்றம்தான் சுமுகமான வழி. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், ஆனால் தாக்குதல் அத்தோடு முடிந்தது.

இப்போது குதிரை சி3-ஐ மறுபடி பாருங்கள். அது வெறும் "காயை வெளியே கொண்டுவருதல்" இல்லை. செக் வரும் கோட்டின் நட்டநடுவே போய் உட்கார்ந்துவிட்டது! இனிமேல் பி4 செக் கிடையாது, எனவே பி7-ஐ வெட்டுவது இப்போதுதான் நிஜமான மிரட்டல். அதனால்தான் கறுப்பு அவசரமாக சி6 ஆடுகிறது. சி7-இல் இருந்த சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் போனதும் இ7 ராணியின் பார்வை டி7, சி7 வழியாக நேராகப் பி7 வரைக்கும் போகிறது. சிப்பாயை நகர்த்தியது சிப்பாய்க்காக இல்லை, ராணிக்கு வழிவிடுவதற்காக. இந்த மூன்று நகர்த்தல்கள், வெள்ளை ராணி பி3, குதிரை சி3, கறுப்பு சி6, ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற வார்த்தைகள் மாதிரி. இதை ஒருமுறை சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டால் காய்களை வெளியே கொண்டுவருவதற்குக் குறிப்புகளில் "வளர்ச்சி" என்று எழுதியிருக்கும் அந்தத் தேய்ந்துபோன சொல்லுக்கு அர்த்தம் வந்துவிடும்.

இன்னொன்று. பி7-ஐ வெட்டுவது தப்பா? தப்பில்லை. எஞ்சினைக் (செஸ் நிலைகளைக் கணக்குப் போடும் கணினி நிரலை) கேட்டால் வெட்டினாலும் வெள்ளைக்கு நல்ல நிலைதான் என்று சொல்லிவிடும். ராணிகள் இல்லாத பலகையில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு நிதானமாக ஜெயிக்கிறவர்கள் உண்டு, அவர்களில் பலர் மார்பியை விடப் பெரிய பட்டம் வாங்கியவர்கள். ஆகக் குறிப்பில் குதிரை சி3-க்கு ! போட்டிருந்தால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெயித்தவர் ஆடியதெல்லாம் அழகு, தோற்றவர் ஆடியதெல்லாம் அசடு என்று எழுதுகிற வியாதி குறிப்பெழுதுகிறவர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. முடிவு தெரிந்த பிறகு பேனாவை எடுத்தால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

ஆக, படிக்கும் முறை என்று நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு தாளால் அடுத்த வரியை மூடிக்கொள்ளுங்கள். தோற்றவர் பக்கத்தை விட்டுவிடலாம், ஜெயித்தவர் பக்கத்துக்கு மட்டும் நீங்கள் ஆடுங்கள். மனதில் நினைத்தால் போதாது, நகர்த்தலையும் காரணத்தையும் ஒரே வரியில் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள், ஏனென்றால் தாளை எடுத்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று நம் மனசு கூசாமல் பொய் சொல்லும். பிறகு தாளை எடுங்கள். நகர்த்தலும் காரணமும் ஒத்துப்போனால் சந்தோஷம், அடுத்ததற்குப் போகலாம். நகர்த்தல் சரியாக இருந்து காரணம் வேறாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள், அது குருட்டு அதிர்ஷ்டம். நகர்த்தலே வேறாக இருந்தால் அங்கேதான் பாடம் ஆரம்பம், குறிப்பில் உங்கள் நகர்த்தலைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெரும்பாலும் இருக்காது. புதியவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். நிபுணருக்கு நம் நகர்த்தல் தோன்றவே இல்லை, அல்லது பேசத் தேவையில்லாத அளவுக்கு மோசம் என்று விட்டுவிட்டார். குறிப்பு வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் நாம்தான் காயை நகர்த்திப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் தோற்றவர் பக்கமும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அதே ஆட்டத்திலேயே ஒரு உதாரணம். 14-ஆவது நகர்த்தல் வரைக்கும் வாருங்கள். அதற்குள் மார்பி குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய் வாங்கியிருக்கிறார், பிறகு யானையைக் கொடுத்துக் குதிரை வாங்கியிருக்கிறார். டி7-இல் கறுப்பு யானை நிற்கிறது, அதற்குப் பின்னால் இ8-இல் ராஜா, எதிரே பி5-இல் வெள்ளை பிஷப். யானை நகர்ந்தால் ராஜாவுக்குச் செக், ஆக அது அசைய முடியாமல் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதேபோல் எஃப்6 குதிரையும் ஜி5 பிஷப்பால் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, பின்னால் இ7-இல் ராணி இருப்பதால். இப்போது வெள்ளையின் இன்னொரு யானை டி1-க்கு வந்து டி7-ஐ இரண்டாவது தடவை மிரட்டுகிறது. கறுப்பு ராணி இ6 ஆடுகிறது, ராணியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ராணியை மாற்றுவதுதான் நோக்கம் என்றால் நேராகப் பி4-க்கே வந்திருக்கலாமே? இப்போதும் டி6, சி5 வழியாகக் கோடு திறந்துதான் இருக்கிறது. நான் படித்த குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காயை நகர்த்திப் பார்த்தேன். ராணி பி4. வெள்ளை அந்த ராணியை வெட்டவில்லை, ஜி5 பிஷப்பால் எஃப்6 குதிரையை வெட்டுகிறது. கறுப்பு ஆசையாகப் பி3-இல் வெள்ளை ராணியை வெட்டுகிறது. வெள்ளையின் மற்ற பிஷப் டி7 யானையை வெட்டிச் செக் சொல்கிறது. ராஜா எங்கே போகும்? டி8-ஐயும் இ7-ஐயும் எஃப்6 பிஷப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எஃப்8-இல் சொந்த பிஷப், எஃப்7-இல் சொந்தச் சிப்பாய். டி7 பிஷப்பை வெட்டலாமென்றால் டி1 யானை காவல். மேட்!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ஆனால் அரை மணி நேரம் பலகையைக் கலைக்க மனசு வரவில்லை. புகழ்பெற்ற அந்த ராணித் தியாகத்தைவிட இந்த நடக்காத மேட் எனக்கு நெருக்கமாகிவிட்டது. நானே கண்டுபிடித்தது என்று ஒரு திமிர். எனக்கு முன்னால் ஆயிரம் பேர் கண்டுபிடித்திருப்பார்கள், அதனால் என்ன. (ராணியை வெட்டாமல் கறுப்பு ஜி7 சிப்பாயால் எஃப்6 பிஷப்பை வெட்டினால் என்ன ஆகும்? அதை உங்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

கடைசி இரண்டு நகர்த்தலைப் பற்றியும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 16-இல் மார்பி ராணியைப் பி8-இல் வைக்கிறார், டி7 குதிரை அதை வெட்டியே தீர வேண்டும். குதிரை டி7-ஐ விட்டு விலகியதும் டி நெடுவரிசை காலி, யானை டி8-க்குப் போய் மேட். யானைக்குக் காவல் ஜி5 பிஷப், அது ஒன்பதாவது நகர்த்தலிலிருந்து அங்கேயே பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது. பலகையில் வெள்ளைக்கு மிச்சம் ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் ஆட்டம் முழுக்க ஒரு கட்டம்கூட நகரவில்லை. "வளர்ச்சி" என்று குறிப்புகள் எழுதுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

எஞ்சினைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது எந்த ஆட்டத்தையும் செயலியில் போட்டால் பக்கத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கும், யார் மேலே என்று எண் சொல்லும். அது ஏன் என்று சொல்லாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும், நம் ஊரில் அன்றைக்கு செஸ் தெரியாதவர்கள்கூடப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 55-ஆவது நகர்த்தலில், வெள்ளைக் காய் ஆடிய அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்ததும் பட்டை ஒரேயடியாகக் குகேஷ் பக்கம் சாய்ந்தது. வீட்டில் எல்லோரும் கத்தினோம். ஆனால் என்ன தப்பு என்று கேட்டால்? அங்கேதான் வர்ணனையாளர் வேண்டும். யானைகள் மாறும், பிறகு குகேஷின் பிஷப் டி5-க்கு வரும், மூலையில் ஏ8-இல் மாட்டியிருக்கும் வெள்ளை பிஷப்புக்கு விலகி ஓட இடமில்லை, பிஷப்புகளும் மாறும், மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அது போதும். இந்த நான்கு வாக்கியத்தைப் பட்டை சொல்லாது.

அந்தக் குகேஷையே சின்ன வயதில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நீண்ட நாள் எஞ்சின் பக்கம் விடாமல்தான் வளர்த்தார். எல்லோருக்கும் அது ஒத்துவருமா என்று சொல்லமாட்டேன், ஆனால் வரிசையை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் உங்கள் மூளை, அடுத்து நிபுணரின் குறிப்பு, எஞ்சின் கடைசியில், அதுவும் ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு மட்டும்.

யாருடைய குறிப்பு நல்லது என்றால், ஆடியவரே எழுதியதற்கு ஒரு தனி ருசி உண்டு. அந்த நேரத்தில் எதைக் கண்டு பயந்தார், எதைக் கவனிக்காமல் விட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும், சிலர் அதை ஒளிக்காமல் எழுதுவார்கள். ஆட்டம் நடக்கும்போதே பேசுகிற நேரலை வர்ணனையும் எனக்குப் பிடிக்கும், காரணம் வேறு. அவருக்கு முடிவு தெரியாது. கிராண்ட்மாஸ்டராக இருந்தாலும் "இது ஆடுவார்" என்பார், நடக்காது, "ஓ, இதற்காகவா!" என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார். ஒரு நல்ல ஆட்டக்காரர் யோசனையை மாற்றிக்கொள்வதை நேரில் பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது தொலைக்காட்சியில் மதியம் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார், அதனால் அவருடைய அம்மா அதில் வரும் ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பாராம், சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்களாம். பரிசு ஒரு புத்தகம். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விடு, இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சாயங்காலம்தான். விடை கையில் இல்லாமல், எழுதி வைத்த நிலையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எத்தனை ஆட்டம் படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: வாரத்துக்கு ஒன்று போதும், ஒழுங்காகப் படித்தால் ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். முப்பது நகர்த்தலுக்குக் குறைவான பழைய ஆட்டங்களில் ஆரம்பியுங்கள், அவற்றில் தப்பு பெரிதாக இருக்கும், தண்டனையும் உடனே கிடைக்கும். இன்றைய கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களில் இரண்டு பேருமே நமக்குத் தெரியாத நூறு மிரட்டல்களைத் தடுத்துக்கொண்டிருப்பார்கள், வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கொஞ்சம் பழகிய பிறகு, நீங்கள் தோற்ற ஒரு ஆட்டத்தை எடுத்து நீங்களே குறிப்பு எழுதிப் பாருங்கள். தம் ஆட்டங்களைத் தாமே அலசி எழுத வேண்டும் என்பதில் உலக சாம்பியனாக இருந்த மிகயில் போட்வின்னிக் பிடிவாதமாக இருந்தார். என் முதல் முயற்சியில் எதிராளியின் நகர்த்தல்களுக்கு ஏழு ? போட்டிருந்தேன், என்னுடையதற்கு ஒன்றே ஒன்று. தோற்றது நான்.